ஒரு கோடு மாறினால் எத்தனை நாள்?

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் கேமராவோடு போவார்கள். பைனாகுலரோடு போவார்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் பூங்குழலியைத் தேடிக்கொண்டு போவார்கள். நான் போனது ஒரு நோட்டோடும் கால்குலேட்டரோடும். சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ், சிவில் படிக்கிறவன் தலையெழுத்து அப்படி!

வேதாரண்யத்தில் பஸ் ஏறி, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டி, காடு ஆரம்பித்ததும் பக்கத்து சீட் தாத்தா கேட்டார்.

"மானா, பறவையா தம்பி?"

"ரெண்டும் இல்லீங்க தாத்தா, கடலு."

"கடல்ல என்ன?"

"கடல்ல ஒரு வேலை பாதியில நிக்குதுல்ல... அது எத்தனை நாள் லேட்டுன்னு கணக்குப் பார்க்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் மேல் தப்பில்லை. நான் சொன்ன வேலை, சேது சமுத்திரக் கால்வாய். 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த திட்டம். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். சுமார் 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழத்துக்குக் கடலுக்குள் ஒரு ரோடு. இலங்கையைச் சுற்றிப் போகும் கப்பல்களுக்கு அதிகபட்சம் 424 கடல் மைலும் 30 மணி நேரமும் மிச்சம் என்றார்கள். முடிக்க வேண்டிய கெடு, 2008 நவம்பர். ஆக மொத்தம் 40 மாதம்.

கெடு தாண்டி பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காரணம் என்ன என்று யாரைக் கேட்டாலும் "கேஸு" என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள், "ரூட்டை மாத்தணும்னு வந்துச்சு, அதான்" என்பார்கள். சரி, ரூட் மாற்றம்தான் என்றால் அது தின்றது எத்தனை நாள்? கேஸ் தின்றது எத்தனை? மற்றது எத்தனை? கால்வாய் வேணுமா வேணாமா, எந்த ரூட் சரி என்பதெல்லாம் பெரியவர்கள் பேசட்டும். பட்டிமன்றத்துக்கு நான் ஆள் இல்லை. எனக்கு வேண்டியது நாள் கணக்கு மட்டும்தான்.

ஆனா நேரா கடல்ல இறங்கினா மூழ்கிடுவோம். முதல்ல முழங்கால் அளவு தண்ணியில நின்னு பழகலாம், வாங்க.

போன டிசம்பரில் டெல்டாவில் ஒரு ஊரில் இன்-பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம். ஊர் பேர், கான்ட்ராக்டர் பேரெல்லாம் வேணாமே! நான் போனபோது சைட்டில் வேலை எதுவும் இல்லை. பாதி அடித்த சென்ட்ரிங் பலகை, துருப்பிடித்த கம்பி, அஸ்திவாரக் குழியில் தவளை. பக்கத்துப் பழைய கட்டடத்து வராண்டாவில் ஆறாம் கிளாசும் ஏழாம் கிளாசும் முதுகோடு முதுகு உட்கார்ந்து, ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் தமிழ். சாரல் அடித்தால் இரண்டு கிளாசும் ஒரே பெஞ்சு!

"சும்மா உக்காந்திருக்கியே, இந்த வேலை ஏன் லேட்டுன்னு எழுதிக் கொடு" என்றார் சைட் இன்ஜினீயர். ரொம்ப சுலபம் என்று நினைத்து, ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரைக் கேட்டேன். வேலைக்கு என்ன தடை வந்தது, எந்தத் தேதியில் வந்தது, எப்போது நீங்கியது என்று எழுதிவைக்கிற தடைப் பதிவேடு அது. சட்டப்படி ரொம்ப முக்கியமான நோட்டு. திறந்து பார்த்தால் மொத்தமே ஒரு வரி. 'மழை.'

அவ்வளவுதான். கதை முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்!

ஆனா டீக்கடையில கம்பி கட்டுற அண்ணன் ஒருத்தர் வேற கதை சொன்னார். மாடிப்படி முதலில் கிழக்குக் கோடியில் இருந்ததாம். ஆகஸ்டில் மேலிடத்து ஆய்வு வந்தபோது, "பசங்க கூட்டமா இறங்கினா கேட்டுப் பக்கம் நெரியும், படியை மேற்கே கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நியாயமான மாற்றம்தான், சந்தேகமே இல்லை. பிளானில் ஒரு சின்னக் கட்டத்தை அழித்து அந்தக் கோடியில் போட வேண்டும். பென்சிலில் செய்தால் ரெண்டு நிமிஷம்.

நான் தேதி தேட ஆரம்பித்தேன். சைட் ஆர்டர் புக், கான்கிரீட் கியூப் டெஸ்ட் ரெஜிஸ்டர், சிமென்ட் வரவு செலவு, ஆள் கணக்கு மஸ்டர் ரோல் எல்லாவற்றையும் பரப்பிவைத்து நாள் நாளாகக் கோத்தேன். (வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரெஜிஸ்டரை ஆசையாகப் படித்தேன்.) ஆகஸ்ட் 18, படி மாற்றச் சொன்ன நாள். அன்றே அந்தப் பக்கம் வேலை நின்றது. திருத்திய டிராயிங் கைக்கு வந்தது செப்டம்பர் 8. கீழ்த்தளத்துக்கு ஒட்டு போட, அதாவது மேல் கான்கிரீட் போட, முதலில் குறித்திருந்த நாள் செப்டம்பர் 25. உண்மையில் போட்டது பொங்கல் கழித்து ஜனவரி 20. அந்தக் கடைசித் தேதியை மட்டும் பிற்பாடு போனில் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இப்போ சொல்லுங்க, அந்தப் படிக்கட்டு தின்றது எத்தனை நாள்?

முதல் விடை, காசை வைத்து. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்த நிபந்தனைகளில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வேலையில் மாற்றம் வந்து செலவு கூடினால் காலக்கெடுவை எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு அதில் ஒரு சூத்திரம். கூடுதல் செலவு மொத்த ஒப்பந்த மதிப்பில் எத்தனை பங்கோ, ஒப்பந்த காலத்திலும் அதே பங்கு. அதற்கு மேல் அதில் கால்வாசி. நம்ம சைட் அந்த நிபந்தனையில் நடந்ததில்லை, இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். ஒப்பந்தம் 2 கோடி, ஒரு வருஷம். படிக்கட்டு மாறியதில் கூடுதல் செலவு சுமார் ஒன்றரை லட்சம். வந்த விடை, ஏறக்குறைய மூன்றரை நாள்!

இரண்டாவது விடை, காத்திருந்ததை வைத்து. ஆகஸ்ட் 18-லிருந்து செப்டம்பர் 8 வரை 21 நாள்.

மூன்றாவது, ஒட்டு போட்ட தேதியை வைத்து. செப்டம்பர் 25-லிருந்து ஜனவரி 20 வரை 117 நாள்.

ஒரே படிக்கட்டு. மூன்றரை, 21, 117. பரீட்சையில் இப்படி மூன்று விடை எழுதினால் வாத்தியார் என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும்.

மண்டை காய்ந்து எங்கள் பேராசிரியரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "படி மாறினா ஒட்டு ஏன் நிக்கணும்?" நல்ல கேள்வி. படி ஏறி மேலே வர ஒட்டில் ஒரு ஓட்டை விட வேண்டும். ஓட்டை இடம் மாறினால் சுற்றியுள்ள பீம் மாறும், கம்பி மாறும், புதுசாய் இரண்டு தூணுக்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும். ஆக, படி நகர்ந்தால் மொத்த ஒட்டும் கைகட்டி நிற்கும். ஜன்னல் கிரில் டிசைன் மாறியிருந்தால்? ஒன்றும் ஆகியிருக்காது. கிரில் கடைசியில் வருகிற வேலை, அதற்குள் நாலு தடவை மாற்றலாம். இதைத்தான் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். 1957-வாக்கில் அமெரிக்காவில் டியூபான்ட் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய முறை. எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகுமோ, அந்த வேலைகளின் சங்கிலி. மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் உண்டு. அதற்கு ஃப்ளோட் என்று பேர்.

காசுச் சூத்திரம் சறுக்கிய இடம் இதுதான். மாற்றத்தின் விலை சின்னதா பெரிசா என்று அதற்குத் தெரியும். சங்கிலியில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று தெரியாது. பல லட்ச ரூபாய் மாற்றம் ஒரு நாளைக்கூடத் தின்னாமல் போகலாம். ஒன்றரை லட்ச ரூபாய் மாற்றம் நாலு மாதத்தை விழுங்கலாம். நியாயத்துக்கு ஒன்று சொல்லணும். இன்ஜினீயர் நியாயம் என்று கருதினால் மேற்கொண்டும் நாள் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை எதை வைத்துக் கருதுவது? நோட்டில்தான் 'மழை' என்று ஒரே வரி இருக்கிறதே!

சரி, மழைக்கு வருவோம். டிராயிங் செப்டம்பர் 8-இல் வந்த பிறகு அஸ்திவாரம், தூண், சென்ட்ரிங், கம்பி என்று வரிசையாகப் போனால் அக்டோபர் மூன்றாம் வாரம் ஒட்டு போட்டிருக்கலாம். வெறும் நாலு வாரம் லேட். ஆனால் நம்ம பக்கம் அக்டோபர் மூன்றாம் வாரம் என்றால் என்ன என்று உப்பளத்துக்காரர்களைக் கேளுங்கள். அதற்கு முன்பே உப்பை அம்பாரமாகக் குவித்து மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் டெல்டாவின் களிமண்ணில் லாரி இறங்காது. சென்ட்ரிங் கோஷ்டி ஊருக்குப் போய்விட்டது, பொங்கல் வரை வரவில்லை. நாலு வாரம் பதினேழு வாரம் ஆன ரகசியம் இதுதான். மழை பெய்தது உண்மை. வேலையை மழைக்குள் தள்ளிவிட்டது படிக்கட்டு.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். நாற்றங்காலுக்கு விதை விடுவதற்கு முந்தின நாள்வரை ரகத்தை மாற்றலாம், ஒரு சைக்கிள் மிதி தூரம்தான். நடவு முடிந்த பிறகு மாற்ற நினைத்தால் போகம் போச்சு. மாற்றம் அதே மாற்றம்தான், வந்த நாள்தான் வேறு.

அப்படியானால் 117 நாளையும் படிக்கட்டுத் தலையில் கட்டிவிடலாமா? கட்டத்தான் இருந்தேன். பேராசிரியர் விடவில்லை. "அந்தப் படி மாறவே இல்லைன்னு வெச்சுக்கோ, அப்பவும் செப்டம்பர் 25-ல ஒட்டு போட்டிருப்பாங்களா?" என்றார். மறுபடி ரெஜிஸ்டரைப் புரட்டினால், செப்டம்பர் 15-லிருந்து பத்து நாள் மணல் லாரி எதுவுமே வரவில்லை. ஆக, படி மாறாவிட்டாலும் ஒட்டு அக்டோபர் 5-க்குத்தான் போயிருக்கும். ஆனால் அது மழைக்கு முன்னால். பத்து நாளை மணலுக்கும் படிக்கும் பொது என்று ஒதுக்கினால், படிக்கட்டின் தனிக்கணக்கு 107 நாள். ஒரே நேரத்தில் இரண்டு தடை வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதற்கு இங்கிலாந்தின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது, 2017-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. அது திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். மாற்றம் வருவதற்கு முந்தின நாள் அட்டவணை எப்படி இருந்தது என்று ஒரு காப்பி எடுத்து வை. மாற்றத்தை அதற்குள் நுழை. முடியும் தேதி எவ்வளவு நகர்கிறது என்று பார். எல்லாம் முடிந்த பிறகு ஆளாளுக்குச் சண்டை போடாதே.

நான் 107 என்று எழுதிக் கொடுத்தேன். கான்ட்ராக்டருக்கு மழைக் கணக்கில் ஏற்கெனவே கெடு நீட்டிப்பு கிடைத்துவிட்டதாம், அபராதம் இல்லை. டிராயிங் ஆபீசில் யாருக்கும் ஒன்றும் இல்லை. மஸ்டர் ரோலில் இருந்த பதினோரு சித்தாள் அக்காக்களுக்கு அந்த நாலு மாதத்தில் கூலி பூஜ்யம். வராண்டாப் பிள்ளைகள் அரைப்பரீட்சையை அங்கேயே எழுதினார்கள். இந்த இரண்டு கணக்கும் எந்த நோட்டிலும் கிடையாது.

சரி, பழகியாச்சு. இனி கடலுக்குள்ள இறங்கலாம்.

கோடியக்கரை கரையில் நின்று பார்த்தால் எதிரே பாக் ஜலசந்தி. கால்வாயை மூன்று துண்டாகப் பிரித்திருந்தார்கள். தெற்கே ஆதம் பாலம் என்றும் ராமர் பாலம் என்றும் சொல்கிற மணல்திட்டுப் பக்கம் சுமார் 35 கிலோமீட்டர் தோண்ட வேண்டும். நடுவில் சுமார் 78 கிலோமீட்டர் இயற்கையாகவே ஆழம், கை வைக்க வேண்டாம். வடக்கே, இதோ நம் கண்ணெதிரே, சுமார் 54 கிலோமீட்டர் தோண்ட வேண்டும். ரூட் சண்டை முழுக்கத் தெற்குத் துண்டைப் பற்றித்தான். எந்த ரூட்டை எடுத்தாலும் வடக்குத் துண்டு ஏறக்குறைய பொது.

2007 ஆகஸ்ட் கடைசியில் உச்ச நீதிமன்றம் பாலத்துக்குச் சேதம் வரக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் தெற்கே வேலை நின்றது. அப்போது 40 மாதத்தில் 26 மாதம் போயிருந்தது. ஆனால் வடக்கே, கோடியக்கரைக்கு எதிரே, அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் மண் அள்ளினார்கள். இங்கேதான் ஒரு பொறி. ஒரு பேச்சுக்கு, வடக்குத் துண்டை முழுசாக முடித்திருந்தால்? தோண்ட வேண்டிய 89 கிலோமீட்டரில் 54 முடிந்தது, ஆக 60 சதவீதம் பணி நிறைவு என்று போர்டு வைக்கலாம். கப்பல் எத்தனை போயிருக்கும்? ஒன்றுகூட இல்லை. சதவீதக் கணக்கை நம்பி லேட்டை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கிரில், பெயின்ட், டைல்ஸ் எல்லாம் முடித்துவிட்டு ஒட்டு போடாத வீடு அது.

இப்போது பேராசிரியர் கேள்வி. ரூட் பிரச்னை வரவே இல்லை என்று வைத்துக்கொண்டால், 2008 நவம்பரில் முடிந்திருக்குமா? தடை வருவதற்கு முன்பே தெற்குத் துண்டில் 'அக்வாரியஸ்' என்ற தோண்டும் கப்பலின் ஊன்றுகால் உடைந்து வேலை பாதிக்கப்பட்டிருந்தது. இதுதான் நம்ம மணல் லாரி. ஆக, அந்தத் துண்டின் தாமதம் முழுவதையும் வழக்கின் தலையிலோ ரூட் தலையிலோ கட்டினால் கணக்கு தப்பு. எத்தனை நாள் இதற்கு, எத்தனை நாள் அதற்கு என்று பிரிக்க, மாதா மாதம் அப்டேட் செய்த அட்டவணை வேண்டும். வெறும் தொடக்க தேதியையும் கெடு தேதியையும் வைத்துக்கொண்டு கழித்தல் போட முடியாது. அதுவும் முடியாத வேலைக்கு எதிலிருந்து எதைக் கழிப்பது?

ரூட் கேள்வி ஒன்றும் புதுசு இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1860-இல் கமாண்டர் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் முதல் யோசனை சொன்னதிலிருந்து இந்தக் கோடு மாறிக்கொண்டேதான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-இல் அமைத்த ராமசாமி முதலியார் குழு, ஆதம் பாலத்தின் குறுக்கே கடலில் வெட்டும் யோசனையைக் கைவிடச் சொன்னது. பிறகு வேறு குழுக்கள், வேறு கோடுகள். கடைசியில் ஆறாவது கோடு என்று முடிவாகி 2005-இல் வேலை தொடங்கியது. 145 வருஷம் கோடு மாறியதில் தோண்டும் கப்பல் எதுவும் சும்மா நிற்கவில்லை. ஏனென்றால் கடலில் கப்பலே இல்லை! அதெல்லாம் விதை விடுவதற்கு முந்தின நாள் மாற்றங்கள். 2007-இல் அதே கேள்வி திரும்ப வந்தபோது நடவு முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு 2008-இல் ஆர்.கே.பச்சௌரி தலைமையில் குழு போட்டு '4ஏ' என்ற மாற்றுக் கோட்டை ஆராயச் சொன்னார்கள். அந்தக் கோடு சரிவராது என்று குழு சொன்னதாக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு, பாலத்தைத் தொடாத வேறு கோட்டைப் பார்ப்போம் என்றது. 2023 ஜனவரி 12-இல் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நாலு வரியில் எழுதிவிட்டேன், பதினைந்து வருஷம்!

இதே பாக் விரிகுடாவின் மறுகோடியில் முடிந்த வேலை ஒன்றும் இருக்கிறது. பாம்பன் புது ரயில் பாலம். 2019 மார்ச் 1-இல் அடிக்கல். 2021 செப்டம்பரில் முடியும் என்றார்கள். திறந்தது 2025 ஏப்ரல் 6. 43 மாதம் லேட். இதில் கொரோனா உண்டு, கடல் காற்று உண்டு, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலத்தை வளைவான தண்டவாளப் பாதையில் நகர்த்திக் கொண்டுபோன பாடும் உண்டு. 'கொரோனா' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாம். நம்ம சைட்டில் 'மழை' எழுதின மாதிரி.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணனிடம் உட்கார்ந்தேன். சீசனுக்கு வெளியூரிலிருந்து வந்து இங்கே கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர். கடலில் தோண்டினது இப்போ எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"கடலு சும்மா இருக்குமா தம்பி? நீ தோண்டுனா அது மூடும். அதுக்கு வேற என்ன வேலை?"

நோட்டில் இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதினேன். பள்ளிக்கூடச் சைட்டில் வேலை நின்றால் கட்டடம் நின்ற இடத்தில் நிற்கும், அதிகம் போனால் கம்பி துருப்பிடிக்கும். கடலில் வேலை நின்றால் பின்னால் போகும். பாக் ஜலசந்தியில் வண்டல் அதிகம் என்று திட்டம் தொடங்கும்போதே எச்சரித்தவர்கள் உண்டு. ஆக, இங்கே தாமதத்தை நாளில் அளந்தால் போதாது. நின்ற நாளோடு, மூடிப்போனதை மறுபடி அள்ள வேண்டிய நாளையும் கூட்ட வேண்டும். நின்ற நாள் கூடக் கூட அதுவும் கூடும். என் கால்குலேட்டரில் அதற்குப் பட்டன் இல்லை.

"உங்களுக்கு இதுல என்னண்ணே நஷ்டம்?" என்று கேட்டேன்.

"வந்தா எங்க ஓடுதளம் போயிரும்னாங்க. வந்தா நல்லதும்னாங்க. எது வரும்னு தெரிஞ்சா ஒண்ணு பண்ணலாம். புதுப் போட்டுக்குக் கடன் வாங்கலாமா, இல்ல மச்சான்கூட வெளிநாட்டுக்குப் போவலாமான்னு அந்த வருஷம் யோசிச்சேன். அடுத்த வருஷமும் யோசிச்சேன். அப்புறம் வயசாயிருச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த நாளை எந்தச் சங்கிலியில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேராசிரியரிடம் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்தார். போட்டில் ஐந்து பேர் பங்கு. யாருக்கு எவ்வளவு முன்பணம், என்றைக்கு என்ன மீன், என்ன விலை. நடுநடுவே கடலுக்குப் போகாத நாள்களுக்கும் தேதி போட்டு ஒரு வரி எழுதியிருந்தது. "போவாத நாளு எதுக்குண்ணே?" என்றேன்.

"பின்ன? பங்குக்காரன் நாளைக்குக் கேப்பான்ல, ஏன் போவலைன்னு!"

புரட்டினேன். நவம்பர் மாதப் பக்கம். காத்து. காத்து. இன்ஜின். மச்சினிச்சி கல்யாணம். காத்து. வலை கிழிஞ்சது. காத்து.

அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.